மரத்தை மக்க வைக்கும் காளானைப் பின்தொடர்வது எப்படி: ஏற்காட்டுக் கட்டையிலிருந்து ஜவ்வரிசித் தட்டு வரை

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரம். வெட்டிப் போட்டு நாலைந்து மழைக்காலம் பார்த்த சில்வர் ஓக் கட்டை ஒன்று கிடந்தது. தொடைப் பருமன் இருக்கும். குனிந்து தூக்கினால் தக்கையைத் தூக்கியது போல வந்துவிட்டது. வடிவம் அப்படியே இருக்கிறது, பட்டைகூட இருக்கிறது, எடை மட்டும் இல்லை. கூட வந்திருந்த பிளஸ் டூ மாணவி, "கரையான் தின்னுடுச்சா சார்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் சொல்லிவிட்டார்: "கரையான்னா மண்ணு இருக்கும் கண்ணு. இது காளான் வேலை."

அவர் சொன்னது சரி. அந்த எடையில் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் காற்றோடு போய்விட்டது. பல்லும் இல்லாத, வயிறும் இல்லாத ஒரு உயிர் மரத்தை எப்படித் தின்கிறது? நாம் தின்றுவிட்டுச் செரிக்கிறோம். காளான் செரித்துவிட்டுத் தின்கிறது. நொதிகளை உடம்புக்கு வெளியே விட்டு, மரத்தை அங்கேயே கரைத்து, கரைந்த சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. புத்தகத்தில் ஒரே வரியில் வருகிற இந்தச் செய்தியைக் கண்ணால் பார்க்க முடியும். மலையில் ஒரு பகலும், வீட்டுச் சமையலறையில் பத்து நாளும் போதும். மாணவர்களோடு நான் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: மரம் எதனால் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய வீட்டு மண்சுவரை உடைத்துப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். வைக்கோலை நறுக்கிப் போட்டு மண்ணோடு குழைத்து எழுப்பிய சுவர் அது. வைக்கோல் இழுவிசையைத் தாங்கும், மண் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மரத்தில் வைக்கோல் இருக்கும் இடத்தில் செல்லுலோஸ். உலர்ந்த மரத்தின் எடையில் 40 முதல் 50 சதவீதம். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து, நீண்ட சங்கிலியாகி, பல சங்கிலிகள் சேர்ந்து முறுக்கேறிய நார். மண் இருக்கும் இடத்தில் லிக்னின், ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம். இரண்டையும் இணைக்கும் குழைவு போல ஹெமிசெல்லுலோஸ், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு.

காளானுக்கு வேண்டியது செல்லுலோஸில் இருக்கும் சர்க்கரை. அதைப் பூசி மூடிவைத்திருப்பது லிக்னின். மக்குதல் என்று நாம் சொல்வது முழுக்க, இந்தப் பூச்சை ஒரு பூஞ்சை என்ன செய்கிறது என்ற கதைதான்.

இரண்டாம் படி: எங்கே, எப்போது தேடுவது

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரம். மரத்தைத் தின்னும் பூஞ்சைகள் பெரும்பாலும் 20 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்றாக வளரும். ஏற்காட்டின் பகல் வெப்பம் வருடத்தில் நிறைய நாள் அதற்குள்தான் நிற்கிறது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, நல்ல மழை பெய்து நான்கைந்து நாள் கழித்துப் போனால் கை நிறையக் கிடைக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் வேண்டும் என்று பிற்பாடு சில்வர் ஓக் வந்தது. அது ஆஸ்திரேலிய மரம். ஆனாலும் நம் ஊர்க் காளான்கள் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. எந்தக் கண்டத்து மரமானாலும் உள்ளே இருப்பது அதே செல்லுலோஸ், அதே லிக்னின்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், ஒன்றும் எடுக்காதீர்கள். தோட்டக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, கீழே கிடக்கும் சுள்ளிகளை மட்டும் எடுத்தால் போதும். மரக்காளான் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பிள்ளைகளிடம் இதை மலையேறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மலைக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சேலத்துத் தெருவிலேயே, ஒரு மழைக்குப் பிறகு, காய்ந்த மாங்கிளையின் மேல் சாம்பல் வெள்ளையில் சின்ன விசிறிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஸ்கைசோஃபில்லம் என்று பெயர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் மடிப்புகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயில் ஏறினால் பிளந்த பாதிகள் உள்நோக்கிச் சுருண்டு, வித்து உண்டாகும் பரப்பை மூடிக்கொள்ளும். ராத்திரி ஈரத்துணிக்கு அடியில் வைத்தால் காலையில் விரிந்திருக்கும். டப்பாவில் போட்டு மறந்துபோன, மொறுமொறு என்று காய்ந்த ஒன்றையும் இப்படி எழுப்பலாம்.

இன்னொன்றையும் மலையிலேயே கவனியுங்கள். வேலிக்கால்கள். "மேல நல்லா இருக்கும், அடியில புடுங்குனா அதுவும் நல்லா இருக்கும், மண்ணு மட்டத்துலதான் இத்துப்போவுதுங்க" என்று அதே பெரியவர் காட்டினார். காரணம் எளிது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காளானால் வளர முடியாது. செல் சுவர் முழுக்க நீரை உறிஞ்சி நிறைந்த நிலை, அதாவது சுமார் 30 சதவீத ஈரம், வந்தால்தான் மக்கல் வேகம் எடுக்கும். அதே சமயம் காளானுக்குக் காற்றும் வேண்டும். காலின் மேல்பகுதியில் ஈரம் இல்லை, ஆழத்தில் காற்று இல்லை, மண்மட்டத்தில் இரண்டும் உண்டு. கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை வருடக்கணக்கில் கிடப்பதும் இதனால்தான். நீருக்குள் காளானுக்கு மூச்சு முட்டும்.

மூன்றாம் படி: கட்டையைக் கையால் படியுங்கள்

ஒரு துண்டை உடைத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள்.

வெளுத்து, ஈரப் பஞ்சு போல அமுங்கி, நார் நாராகப் பிரிந்து வந்தால் அது வெள்ளை மக்கல். இதைச் செய்யும் காளான் லிக்னினையும் சேர்த்துக் கரைக்கிறது. மரத்துக்கு நிறம் கொடுப்பதில் லிக்னினுக்குப் பங்கு இருப்பதால், அது போனதும் வெளுப்பு. ஏற்காட்டு அகன்ற இலை மரங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

பழுப்பாகி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, தாயக்கட்டை போலத் துண்டு துண்டாகக் கழன்று, தேய்த்தால் காப்பிப் பொடி மாதிரி விரலில் ஒட்டினால் அது பழுப்பு மக்கல். செல்லுலோஸ் போய்விட்டது, லிக்னின் மட்டும் நிற்கிறது. மண்சுவரிலிருந்து வைக்கோலை மட்டும் உருவி எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. பழைய வீட்டு நிலைக்கால்களின் அடியிலும் இதைப் பார்க்கலாம். இது ஆபத்தானது. எடை பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதற்கு முன்பே பலத்தில் பெரும்பகுதி போய்விடும். பார்வைக்கு மரம் முழுசாக இருக்கும், ஏறி நின்றால் ஒடியும்.

அறுத்த முகத்தில் பேனாவால் வரைந்தது போலக் கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடினால் அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே கட்டையில் குடியேறிய காளான்கள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் மெலனின் நிறமியால் எழுப்பிக்கொண்ட மதில் அது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் இன்னொருத்தர். வயல் வரப்பு மாதிரி.

நான்காம் படி: இழை வளரும் விதம்

நாம் பார்க்கிற விசிறியும் குடையும் கனி மட்டுமே. உடம்பு மரத்துக்குள்ளே, வெள்ளை இழைகளாக ஓடுகிறது. ஓர் இழையின் தடிமன் 2 முதல் 10 மைக்ரோமீட்டர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ.

காற்றில் வந்த வித்து ஈரமான வெட்டுக்காயத்தில் விழுந்து முளைக்கிறது. மரத்தின் நீர்க்குழாய்கள் வழியாகவும், செல்களுக்கு இடையே இருக்கும் சிறு துளைகள் வழியாகவும் ஓடுகிறது. வழியில் பொருத்தமான இன்னொரு இழையைச் சந்தித்தால் இரண்டும் ஒட்டி, ஒரு அறையில் இரண்டு கரு என்ற நிலையில் தொடர்ந்து வளர்கின்றன. கல்லூரி நுண்ணோக்கி கிடைத்தால் இழையைச் சொட்டு நீரில் வைத்துப் பாருங்கள். பல இனங்களில் அறைகளின் எல்லையில் சின்னக் கொக்கி போன்ற புடைப்பு தெரியும். இரண்டு கருக்களையும் அடுத்த அறைக்குச் சரியாகப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு அது.

இழை நீள்வது நுனியில் மட்டும். பின்னால் இருக்கும் சுவர் கைட்டின் என்ற உறுதியான பொருளால் கெட்டிப்பட்டுவிடும். நுனி மட்டும் இளகிய நிலையில், உள்ளே இருக்கும் நீரழுத்தத்தால் முன்னே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். தள்ளத் தள்ளப் புதுச் சுவர் வேண்டும் அல்லவா? அதற்கான சரக்கு சின்னச் சின்னப் பைகளில் பின்னாலிருந்து வந்து, நுனிக்குச் சற்று உள்ளே ஒரு இடத்தில் குவிந்து, அங்கிருந்து பிரித்து அனுப்பப்படுகிறது. ஸ்பிட்சென்கார்ப்பர் என்று ஜெர்மன் மொழியில் பெயர். நுனியுடல் என்று சொல்லலாம்.

ஐந்தாம் படி: நொதி வெளியே வரும் வழியும், வந்து செய்யும் வேலையும்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சுவர் கட்டும் சரக்கை ஏற்றி வரும் அதே பை ஓட்டத்தில்தான், வெளியே விட வேண்டிய நொதிகளும் பெரும்பாலும் வருகின்றன. வளர்வதும் சுரப்பதும் ஒரே இயக்கம். செல்லுக்குள் நொதிப் புரதம் தயாராகும்போதே அதன் தலைமாட்டில், வெளியே போக வேண்டிய சரக்கு என்று குறிக்கும் ஒரு சிறு துண்டு இருக்கும். அதைக் கொண்டு புரதம் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலுக்குள் நுழைகிறது. அங்கே சரியான வடிவில் மடிகிறது. சர்க்கரைத் துணுக்குகள் அதன்மேல் ஒட்டப்படுகின்றன. வெளியே நாள்கணக்கில் கெடாமல் நிற்க அது உதவும். பிறகு பைக்குள் ஏறி, நுனிக்குப் போய், பையின் சவ்வு செல் சவ்வோடு ஒட்டித் திறக்க, நொதி மரத்தின்மேல் இறங்குகிறது.

இறங்கியவை என்ன செய்கின்றன?

செல்லுலோஸுக்கு மூன்று பேர். எண்டோகுளுக்கனேஸ் நாரின் நடுவில் வெட்டுகிறது. செல்லோபயோஹைட்ரோலேஸ் வெட்டுப்பட்ட முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு குளுக்கோஸாக உருவிக்கொண்டே போகிறது. பீட்டா குளுக்கோசிடேஸ் அந்த ஜோடியைப் பிரித்துத் தனி குளுக்கோஸாக்குகிறது. அதைத்தான் இழை உறிஞ்சுகிறது. இறுகிக் கிடக்கும் நாரை ஆக்சிஜன் கொண்டு கிழித்து வழி பண்ணிக்கொடுக்கும் இன்னொரு தாமிர நொதி வகையும் உண்டு. அது 2010 வாக்கில்தான் தெரியவந்தது. செல்லுலோஸை உடைக்கும் இந்த நொதிகளுக்குச் செல்லுலேஸ் என்று பொதுப்பெயர். செல்லுலேஸ் ஆராய்ச்சியே ஒரு நஷ்டத்திலிருந்து வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மக்கிப்போயின. அந்தத் துணியிலிருந்து பிரித்தெடுத்த ட்ரைக்கோடெர்மா பூஞ்சையின் வழித்தோன்றல்கள் இன்றும் தொழிற்சாலைகளில் செல்லுலேஸ் தயாரிக்கின்றன.

லிக்னின் வேறு விஷயம். அதில் ஒரே மாதிரியான இணைப்பு திரும்பத் திரும்ப வராது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்ற கணக்கு அங்கே செல்லாது. அதனால் வெள்ளை மக்கல் காளான்கள் வெட்டுவதை விட்டு, எலக்ட்ரானைப் பறிக்கின்றன. எலக்ட்ரானை இழந்த லிக்னின் நிலை குலைந்து தானாக உடைகிறது. இதைச் செய்யும் லிக்னின் பெராக்சிடேஸை 1983-ல் ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற காளானில் கண்டார்கள். மாங்கனீஸ் பெராக்சிடேஸ் என்ற இன்னொன்று, மரத்தில் இருக்கும் மாங்கனீஸிடமிருந்து எலக்ட்ரானை எடுத்து அதைத் தூதனுப்புகிறது. நொதி நுழைய முடியாத இடுக்கில் அந்தச் சின்ன அயனி நுழைந்து வேலை பார்க்கும். இரண்டுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். அதையும் காளானே வேறு நொதிகளால் தயாரித்துக் கொடுக்கிறது. லாக்கேஸ் என்ற மூன்றாவது நொதிக்கு அதுவும் வேண்டாம், காற்றில் இருக்கும் ஆக்சிஜன் போதும். நான்கு தாமிர அணுக்கள் கொண்ட நொதி. 1883-ல் ஜப்பானின் யோஷிதா, அரக்குமரப் பாலில் இதை முதலில் கண்டார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லிக்னினை உடைப்பதால் காளானுக்குப் பெரிதாகச் சாப்பாடு கிடைப்பதில்லை. சாப்பாட்டை மூடியிருக்கும் பூச்சை அகற்றுகிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன ஃபனரோகீட், நைட்ரஜன் தீர்ந்துபோகும் நிலையில்தான் லிக்னின் பெராக்சிடேஸை விடத் தொடங்குகிறது. மரத்தில் நைட்ரஜன் மிகமிகக் குறைவு என்பதை நினைத்தால் இது பொருந்திப் போகிறது.

பழுப்பு மக்கல் காளான்கள் வேறு தந்திரம் செய்கின்றன. நொதி பெரிய மூலக்கூறு, நல்ல மரத்தின் செல் சுவருக்குள் அதனால் புக முடியாது. எனவே முதலில் ஆக்சாலிக் அமிலத்தை விட்டு மரத்தில் இருக்கும் இரும்பைக் கரைக்கின்றன. அந்த இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துகள் பிறக்கும். ஃபென்டன் 1894-ல் எழுதிய வினை இது. அது சுவருக்குள்ளேயே செல்லுலோஸைத் துண்டாக்குகிறது. அந்தத் துகள் பக்கத்தில் இருந்தால் காளானையே எரித்துவிடும். அதனால் முன்னணியில் இந்த வேலையை முடித்து, பின்னால்தான் செல்லுலேஸ்களைக் கொண்டுவருகிறது.

ஆறாம் படி: ஜவ்வரிசித் தட்டில் பார்ப்பது

நொதி வெளியே போகிறது என்பதற்கு வீட்டிலேயே சாட்சி வேண்டும். அதற்கு ஜவ்வரிசியைவிட நல்ல பொருள் சேலத்துக்காரர்களுக்கு என்ன இருக்கிறது? அது ஏறக்குறைய முழுக்க மரவள்ளி மாவுச்சத்து. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸையும் காளான் விடும். மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலம், உடைந்த இடத்தில் நிறம் வராது. காட்டுக் காளான் வேண்டாம். கடையில் வாங்கிய சிப்பிக்காளான் போதும். அதுவும் வெள்ளை மக்கல் இனம்தான், வைக்கோல் படுக்கையில் வளர்வதும் அதனால்தான்.

தேவை: தோல் சீவிய உருளைக்கிழங்கு 50 கிராம், ஜவ்வரிசி ஒரு சிறு கரண்டி, அகர் அகர் எனும் சைனா கிராஸ் 5 கிராம், தண்ணீர் 250 மில்லி. ஜெலட்டின் வாங்கிவிடாதீர்கள், அறை வெப்பத்திலேயே இளகிவிடும். சர்க்கரையும் சேர்க்காதீர்கள். சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் காளான் அமைலேஸ் விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

கிழங்கை வேகவைத்து நீரை மட்டும் வடிகட்டுங்கள். ஜவ்வரிசியைப் பொடித்து அந்த நீரில் கண்ணாடியாகும் வரை காய்ச்சுங்கள். சைனா கிராஸைப் போட்டு முழுக்கக் கரையவிடுங்கள். அகன்ற வாயுள்ள சிறு ஜாம் பாட்டில்களில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, குக்கரில் சிறுதீயில் அரை மணி நேரம். இறக்கி, ஆவி அடங்கும் வரை திறக்காமல் விடுங்கள். ஆறினால் கெட்டியாகிவிடும்.

அடுத்தது விதைப்பது. முதல் தடவை நான் ஏழு பாட்டில் வைத்தேன். வெக்கை தாங்காமல் மின்விசிறியை ஓடவிட்டுக்கொண்டே விதைத்தேன். நான்காம் நாள் ஏழிலும் பச்சைப் பூஞ்சணம், சிப்பிக்காளான் ஒன்றில்கூட மேலெழவில்லை. அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, கால் மணி நேரம் தூசி அடங்கவிட்ட பிறகுதான் தொடங்குகிறேன். ஒரு மெழுகுவத்தியோ ஸ்பிரிட் விளக்கோ ஏற்றி, அதன் பக்கத்தில் வேலை. சானிடைசர் தடவிய கையை முழுக்கக் காயவிட்ட பிறகே தீப்பக்கம் போக வேண்டும். பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

காளானைக் கத்தியால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். குடையும் தண்டும் சேரும் இடத்தின் உள்சதை யார் கையும் படாதது. தீயில் காட்டி ஆறவைத்த பிளேடு நுனியால் அங்கிருந்து அரிசி அளவு துண்டு எடுத்து, பாட்டிலின் நடுவில் வைத்து உடனே மூடுங்கள். ஒரு பாட்டிலில் ஒன்றும் வைக்காமல் மூடிவிடுங்கள், ஒப்பிடுவதற்கு. நிழலான, குளுமையான இடம். மூன்று நான்கு நாளில் துண்டைச் சுற்றி வெள்ளைப் பனி போல எழும்பும். விளிம்பைக் கண்ணாடி வில்லையால் பாருங்கள். இழைகள் கிளை பிரிந்து பிரிந்து வெளிநோக்கி ஓடும். பாட்டில் அடிப்பரப்பில் பாதியை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். முழுக்கப் பரவவிட்டால் ஒப்பிட இடம் இருக்காது.

மருந்துக்கடையில் கிடைக்கும் பெட்டாடின் கரைசலைக் கொஞ்சம் நீர் விட்டு, கட்டஞ்சாயா நிறத்துக்குக் கொண்டுவந்து மெல்ல ஊற்றுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து வடியுங்கள். ஒப்பீட்டுப் பாட்டில் முழுக்கக் கருநீலம். காளான் வளர்ந்த பாட்டிலில் வெளி வட்டம் கருநீலம், உள்ளே நிறமில்லாத வட்டம். அந்த வட்டத்தின் ஓரத்தையும் இழைகள் நின்ற ஓரத்தையும் ஒப்பிடுங்கள். இழை இன்னும் போகாத இடத்திலும் நிறம் வெளுத்திருந்தால், நொதி முன்னே போய்விட்டது என்று அர்த்தம்.

ஏழாம் படி: லிக்னின் நொதிக்கு ஒரு சோதனை

இதைப் பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் துணையோடு செய்யுங்கள். மால்ட் அகரில், அதாவது முளைகட்டிய தானியச் சாறு கலந்த அகரில், 0.5 சதவீதம் டானிக் அமிலம் (ஒரு வகை டானின்) சேர்த்த தட்டு. அமிலத்தைத் தனியே கரைத்து, அகர் சற்று ஆறியபின் கலக்க வேண்டும். இல்லையென்றால் கெட்டியாகாமல் போகும். வெள்ளை மக்கல் காளானை வைத்தால் சில நாளில் அதைச் சுற்றி ஆழ்ந்த பழுப்பு வளையம் விரியும். லாக்கேஸ் போன்ற நொதிகள் டானினிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்ததால் வந்த நிறம். பழுப்பு மக்கல் காளானை வைத்தால் பெரும்பாலும் வளையம் வராது. பேவன்டாம் 1928-ல் கொண்டுவந்த சோதனை. விதிவிலக்குகள் இருந்தாலும் முதல் அடையாளத்துக்கு இன்றும் பயன்படுகிறது. நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் காற்றுப் பட்டுக் கறுப்பதும் இதற்கு உறவான வினைதான்.

மலையில் வெள்ளை மக்கல் என்று கையால் தேய்த்து முடிவு செய்த சுள்ளியிலிருந்து எடுத்த இழையையும் ஒரு தட்டில் வையுங்கள். விரல் சொன்னதும் தட்டு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். பட்டைக்கு உள்ளே, மக்கின பகுதியும் நல்ல மரமும் சந்திக்கும் எல்லையிலிருந்து சிறு சிராய் எடுப்பது நல்லது. இழையின் நுனிகள் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும். காட்டுச் சிராயோடு வேறு பூஞ்சணங்களும் வரும். ஐந்தாறு தட்டு வைத்தால் ஒன்றிரண்டு தேறும்.

பார்த்து முடித்த தட்டுகளையும் பாட்டில்களையும் திறந்தபடி குப்பையில் போடாதீர்கள். மூடியைத் தளர்த்தி மறுபடி அரை மணி நேரம் குக்கரிலோ, ஆய்வகத்தில் குக்கர் போலவே நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலோ வைத்துவிட்டுக் கொட்டுங்கள். அந்தக் குக்கரைச் சோற்றுக்குப் பயன்படுத்தாமல் இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவையுங்கள். பச்சையோ கறுப்போ பூத்துவிட்ட பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம், மூடியபடியே அவித்துவிடுங்கள். மிச்சமான சுள்ளிகளை மழை படும் தோட்டத்து மூலையில் போட்டுவைத்தால் அடுத்த ஈரத்துக்கு அவற்றிலிருந்து விசிறிகள் மறுபடி எழும்பும்.